தோளை இடிக்காத ராணுவ ரைஃபிள்

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியபோது, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு கசப்பான உண்மை உறைத்தது. எதிரே நின்ற போயர்கள், அதாவது டச்சு வம்சாவளிப் பண்ணைக்காரர்கள், பலர் பிரிட்டிஷ் சிப்பாய்களைவிடக் குறிபார்த்துச் சுட்டார்கள். அந்தப் போரில் ஒரு கட்டத்தில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு, நாடு திரும்பியதும் சாமானியர்களுக்கான சிறு ரைஃபிள் கழகங்களை முன்னின்று ஆதரித்தார். ஆனால் ஊருக்கு நடுவே, ஒரு கொட்டகைக்குள் ராணுவ ரைஃபிளின் .303 (0.303 அங்குலக் குழலுக்கான) தோட்டாவைச் சுட முடியாது. அது மைல் கணக்கில் போகும், விலையும் அதிகம்.

அதற்கு ராணுவம் கண்ட வழி எளிமையானது. பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் மரக்கட்டை, போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளை), ட்ரிகர், ஏறத்தாழ 4 கிலோ எடை எல்லாவற்றையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, குழலின் துளையை .22 அங்குலத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். 1907 முதல் இப்படிப்பட்ட பயிற்சி ரைஃபிள்கள் வரிசையாக வந்தன. அவற்றில் 'நம்பர் 2 மார்க் 4' என்ற வகை இந்தியாவிலும் புழங்கியது. நம் ஊர் என்.சி.சி. மாணவர்கள் தரையில் படுத்து 25 கஜத்தில் சுட்டுப் பழகிய .22 ரைஃபிள்களிலும் இந்தப் பரம்பரையில் வந்தவை உண்டு.

.22 தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் வழவழவென்று இருக்கும். .303இல் இருப்பதுபோல நடுவில் வட்டமான தீமூட்டி கிடையாது. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே ட்ரிகரை இழுத்ததும் போல்ட்டுக்குள்ளிருந்து பாயும் ஊசி நடுவில் குத்தினால் தோட்டா வெடிக்காது, விளிம்பில் குத்தி நசுக்க வேண்டும். இதற்காகப் போல்ட்டின் தலைப்பகுதியை மட்டும் மாற்றி, ஊசியின் குத்து விளிம்பில் விழும்படி செய்தார்கள். சுட்ட பின் வெளியே வரும் பித்தளைக் கூட்டின் ஓரத்தில் அந்தச் சின்னப் பள்ளத்தைப் பார்க்கலாம். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். அடியில் இருக்கும் மேகசின் பல ரைஃபிள்களில் வெறும் கூடுதான், காலித் தோட்டாக்கள் விழுந்து சேரும் பெட்டியாக மட்டும் பயன்படும்.

சரி, கொட்டகைக்குள் 25 கஜத்தில் சுட்டுப் பழகியது வெட்டவெளியில் 200 கஜத்தில் எப்படி உதவும்? குறி பார்ப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கோணத் தவறுகள் என்பதுதான் விடை. 200 கஜத்தில் 18 அங்குல வட்டம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 25 கஜத்தில் இரண்டேகால் அங்குல வட்டமும் அவ்வளவே தெரியும். இலக்குத் தாளை எட்டில் ஒன்றாகச் சுருக்கிவிட்டால், கண்ணுக்கும் கைக்கும் வேலை ஒன்றுதான்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. குழல் நுனியில் இருக்கும் முன்குறிக்கும், கண் பக்கம் இருக்கும் பிளவுள்ள பின்குறிக்கும் நடுவே சுமார் அரை மீட்டர் இடைவெளி. பின்குறியின் பிளவுக்குள் முன்குறி 1 மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், 25 கஜத்தில் தோட்டா சுமார் நாலரை சென்டிமீட்டர் தள்ளி விழும். அதுவே இரண்டு குறிகளும் சரியாகச் சேர்ந்திருந்து, ரைஃபிள் முழுவதுமாக 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் தாளிலும் 1 மில்லிமீட்டர்தான் பிசகும். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும் என்பதால், தெளிவை முன்குறிக்குக் கொடுத்துவிட்டு இலக்கை மங்கலாக விட்டுவிட வேண்டும். புதியவர்களுக்கு இதை நம்பவே மனம் வராது.

தோட்டாவின் எடை 2.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். .303 தோட்டா 11 கிராமுக்கு மேல், வேகம் 740 மீட்டரைத் தாண்டும். ரைஃபிள் எடை ஒன்றே என்பதால் தோளுக்கு வரும் உதையின் ஆற்றல் .22இல் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உதைக்கு பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் தொற்றுவதற்கு முன்பே மூச்சும் விரலும் பழகிவிடும்.

ஆனால் மெதுவான தோட்டா தவறைப் பொறுத்துக்கொள்ளாது. ட்ரிகர் விடுபட்டு, கனமான ஊசி ஓடி அடித்து, தோட்டா குழலைவிட்டு வெளியேறும் வரை சில மில்லிநொடிகள் ஆகும். சுட்டாயிற்று என்று உடம்பைத் தளர்த்தினால் அந்த அசைவு தாளில் பதியும். மூச்சை அடக்காமல் சுட்டால் துளைகள் மேலும் கீழுமாகப் பரவும். துளைகள் எல்லாம் நெருக்கமாக, ஆனால் ஓரமாக விழுந்தால் பழி குறியமைப்பின் மேல். சிதறி விழுந்தால் ரைஃபிளைத் திட்டிப் பயனில்லை.

தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. 25 கஜம் போவதற்குள் புவியீர்ப்பில் சுமார் 2.3 சென்டிமீட்டர் இறங்கிவிடும், 50 மீட்டரில் 12 சென்டிமீட்டர். குறி பார்க்கும் கோட்டைவிடக் குழல் சற்றே மேல்நோக்கி இருப்பது இதை ஈடுகட்டத்தான். காற்று தோட்டாவைத் தள்ளுவதைச் சமாளிக்க மட்டும் இந்த ரைஃபிள் கொட்டகைக்குள் கற்றுத்தராது.

இன்று கிடைக்கும் பழைய ரைஃபிள்களில் மரக்கட்டை பளபளவென்று இருந்தாலும் குழலுக்குள் நோட்டம் விட வேண்டும். அக்காலத் தீமூட்டி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படிந்து, ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். .303இலும் அதே உப்புதான், ஆனால் அதில் வெடிமருந்து நிறைய, புகையோடு உப்பில் ஒரு பகுதி வெளியேறிவிடும். .22இல் மருந்து கொஞ்சம் என்பதால் உப்பு அதிகம் தங்கிவிட்டது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அரித்துப்போன குழல்களைத் தூக்கிப் போடாமல், பர்மிங்ஹாமின் பார்க்கர் நிறுவனம் உட்புறத்தைக் கடைந்து, தோட்டாவைச் சுழலவைக்கும் புரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயை உள்ளே செருகிப் பொருத்திக் கொடுத்தது. அப்படி மறுபிறவி எடுத்த ரைஃபிளின் குழல் வாயை உற்றுப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள் தெரியும்.