52 பாகை மெழுகில் கை ஏன் வேகாது?

ஆயித்தியமலை மாதா திருவிழாவில் மெழுகுதிரி ஏந்தி நின்றவர்களுக்கு இந்தச் சங்கதி விரலிலேயே தெரிந்திருக்கும். உருகிய சொட்டு விழும், சுள்ளென்று வலிக்கும். கையை உதற நினைப்பதற்குள் அது வெள்ளையாக உறைந்து, இதமான பொட்டுப்போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

அது ஏன் என்று நான் யோசித்தது, கல்முனையில் அழகுக்கலை பழகும் மருமகள் என் கையைச் சோதனைக்கு எடுத்த அன்றுதான். சோறு வடிக்கும் சட்டியளவு பாத்திரம், அதில் தண்ணீர்போலத் தெளிந்த பரபின் மெழுகு. வெப்பமானி 52 பாகை செல்சியஸ் காட்டியது. "வையுங்க மாமி. முதல்ல ஒருக்கா சுள்ளெண்டும், மறுகா ஒண்டும் தெரியாது" என்றாள்.

52 பாகை வெந்நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்திருந்தால் தோல் வெந்துவிடும். மெழுகிலோ, பல முறை முக்கியெடுத்து, ஒட்டி உறைந்த மெழுகோடு கை இருபது நிமிடம் சுகமாக இருந்தது. காரணம், மெழுகு உறையும் விதம். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 32, 33 பாகை. அதைத் தொட்டவுடனே மெழுகு தன் உருகுநிலைக்குக் கீழே போய் மெல்லிய படலமாக உறைகிறது. மெழுகின் வெப்பக் கடத்துதிறன் நீருடையதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. அதனால் அடுத்த முறை கையை முக்கும்போது சூடான மெழுகு தொடுவது தோலையல்ல, முதல் முக்கலில் உண்டான கையுறையை. ஆறு, எட்டு முறை முக்கினால் கையுறை தடிக்கிறது. வெந்நீரில் இந்தக் காவல் கிடையாது. ஆறிய நீர் விலக, சூடான நீர் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பிலும் இதன் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். தணல் நூற்றுக்கணக்கான பாகை சூட்டில் இருந்தாலும், கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் படுவதும் ஒரு நொடிக்குக் குறைவு. பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கரியைப் பற்றி மட்டுந்தான்.

சரி, வெப்பத்தை இவ்வளவு தடுக்கிற மெழுகு கையை எப்படிச் சூடாக்குகிறது? இதற்கு விடை மறைவெப்பம். திரவம் திண்மமாகும்போது தனக்குள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். மெழுகில் இது கிராமுக்கு ஏறக்குறைய 200 ஜூல். 100 கிராம் மெழுகு உறைந்தால் வரும் வெப்பம் ஒரு லீற்றர் தண்ணீரை 5 பாகையளவு சூடாக்கப் போதும். அந்த வெப்பம் படலங்களினூடாக மெல்ல மெல்லத் தோலுக்கு வருகிறது. மேலே பொலித்தீன் பையும் துவாயும் சுற்றுவது அது காற்றோடு போகாமல் இருக்கத்தான்.

பாத்திரத்தில் இருப்பது கடைத் திரியின் மெழுகல்ல. திரி மெழுகு பெரும்பாலும் 55 பாகைக்கு மேலேதான் உருகும், கைக்கு அது ஆகாது. ஆறேழு பங்கு பரபினோடு ஒரு பங்கு திரவப் பரபின் எண்ணெய் சேர்த்து உருகுநிலையைக் கீழே இறக்குகிறார்கள். வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவிலும் இதே கலவைதான். நேரடி அடுப்பில் உருக்குவது ஆபத்து, மெழுகு தீப்பற்றும். சூடு சரிதானா என்று மெழுகே சொல்லும்: மேற்பரப்பில் பாலாடைபோல மெல்லிய ஏடு படரத் தொடங்கினால் அது உருகுநிலைக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் வெப்பமானியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

முக்கும்போது விரலை அசைக்கக்கூடாது. கையுறை வெடித்தால் சூடான மெழுகு உள்ளே புகுந்து சுடும். முதல் முறை முக்கிய உயரத்தைவிட அடுத்தடுத்த முறை சற்றுக் கீழே நிறுத்துவதும் இதற்காகத்தான். மோதிரம், காப்பு எல்லாம் முதலே கழற்றிவிட வேண்டும்.

1830இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ரைகன்பாக் மரத்தாரிலிருந்து இந்த மெழுகைப் பிரித்தபோது, வேறு பொருளோடு எளிதில் சேராத அதன் குணத்தைப் பார்த்து, 'நாட்டம் குறைந்தது' என்ற பொருள்பட லத்தீன் சொற்களிலிருந்து பரபின் என்று பெயர் வைத்தார். அழகு நிலையத்துக்கு வேண்டியதும் அந்தக் குணந்தான். மெழுகு தோலுக்குள் போய் ஊட்டம் கொடுக்கும் என்று விளம்பரம் சொல்வதை நான் நம்புவதில்லை. தோலிலிருந்து ஓயாமல் ஆவியாகிப் போகும் ஈரத்தை அது மூடிவைக்கிறது, அவ்வளவே. அந்த ஈரம் மேல்தோலிலேயே தேங்கி அதை மெதுமையாக்குகிறது. வயலிலும் மணலிலும் நடந்து வெடித்த குதிக்காலுக்கு இது சில நாள் இதம். தினமும் எண்ணெயோ கிறீமோ பூசாவிட்டால் வெடிப்பு திரும்பி வரும்.

மூட்டுக்குக் கிடைப்பது வேறு. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, மூட்டைச் சுற்றிய இழையங்கள் இளகுகின்றன. வாதத்தில் விறைத்த விரல்களை மெழுகைக் கழற்றிய கையோடு மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தால்தான் முழுப் பலன். மூட்டு வீங்கிச் சிவந்து கொதிக்கும் நேரத்தில் இது வேண்டவே வேண்டாம். புண், தோல்தொற்று, இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களுக்கும் ஆகாது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது உணர்ச்சி குறைந்த கைகாலில். மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையை அறிந்த ஊர்க்காரருக்கு, நரம்பு செத்த கைக்குச் சூடு தெரியாது என்பதை விளக்கத் தேவையில்லை. இன்று தொழுநோயின் இடத்தில் பெரும்பாலும் நீரிழிவு நிற்கிறது. வருபவரிடம் "சுடுதா?" என்று கேட்பதற்கு முன், "சீனி வருத்தம் இருக்கா?" என்று கேட்கவேண்டும்.

இருபது நிமிடம் கழித்து மருமகள் என் மெழுகைக் கையுறைபோல உரித்தாள். அப்புறம் அதைத் திரும்பப் பாத்திரத்துக்குள் போடப் போனாள். நான் தடுத்தேன். "காசு குடுத்து வாங்கின மெழுகல்லோ மாமி?" காசுதான். ஆனால் 52 பாகை என் தோலை வேகவைக்காதது போலவே, அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளையும் நம்பிக்கையாகக் கொல்லாது. அடுத்து கை வைக்கப்போவது வேறொருத்தி.