சக்கரம் முதலில் பின்னால் போக வேண்டும்

“கையை விட்டுவிட்டே சைக்கிள் ஓட்டுவேன். ஒற்றைச் சக்கர சைக்கிளில் மட்டும் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடுகிறேன். ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சைக்கிள் பழக்கம்தான் அவரைத் தள்ளிவிடுகிறது.

சைக்கிள் இடம் வலமாக மட்டுமே சாயும். ஒற்றைச் சக்கர சைக்கிளோ முன்பின்னாகவும் கவிழும். வழக்கமான வகையில் செயின் இல்லை, மிதிக்காமலே சக்கரம் உருள விடும் ஃப்ரீவீல் இல்லை, பெரும்பாலானவற்றில் பிரேக்கும் இல்லை. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நேரடியாகச் சக்கர அச்சில் மாட்டியிருப்பதால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 1.6 மீட்டர் நகரும். நொடிக்கு ஒரு சுற்று மிதித்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டரைத் தொடாது.

நீளமான குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் பழகினால் நிற்கும். பென்சில் நிற்கவே நிற்காது. இப்படி அடியில் தாங்கி நிற்க வைப்பதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர்; ஒற்றைச் சக்கரத்தின் மேல் இருப்பவரும் அப்படித்தான். உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், சாய்வு எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கான கால அளவு கிடைக்கும். சீட்டில் இருப்பவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். கணக்குப் போட்டால் 0.32 நொடி. சாய்வு இந்த நேரத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். கண்ணால் கண்டு கால் அசைய எப்படியும் 0.2 நொடி போய்விடும். ஆகவே யோசித்து ஓட்ட நேரமில்லை. (உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிள்கள் மெதுவாகவே சாயும். ஏறுவதுதான் பாடு.)

இனி, இதில் அழகான இடம். நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் போக வேண்டும். உடனே முன்னோக்கி மிதித்தால் சக்கரம் மட்டும் ஓடிவிடும், நீங்கள் பின்பக்கம் சாய்வீர்கள். ஏனென்றால் உங்களை முன்னால் தள்ளக்கூடிய வெளிவிசை, டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு ஒன்றுதான். அது அடியில் முன்னோக்கித் தள்ளும்போது உடலைப் பின்னால் கவிழ்க்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட எடை ஏற்கெனவே சக்கரத்துக்கு முன்னே சாய்ந்திருக்க வேண்டும். பிடிமானம் ஏதுமின்றி நிற்பவர் அப்படிச் சாய என்ன வழி? சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பதுதான்! நிற்பதற்கும் இதே தலைகீழ் விதி: கடைசி அரைச் சுற்றில் சற்று வேகமாக மிதித்துச் சக்கரத்தை உடலுக்கு முன்னே அனுப்பிவிட்டு, பிறகு காலால் தடுக்க வேண்டும். தேர்ந்தவர்களின் டயரை மட்டும் கவனித்தால் இந்தச் சிறு எதிர்நகர்வு தெரியும்.

இந்தத் தலைகீழ் ஊசலை ஆராய, தள்ளுவண்டி மேல் குச்சியை நிறுத்தி விளையாடும் ஆய்வகத்துக்கு எதற்கு நிதி என்று கேட்பவர்கள் உண்டு. அடியில் பீறிடும் நெருப்பின் மேல் நின்றபடி ராக்கெட் தரையிறங்குவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டுச் சமநிலைக்குப் பலர் சொல்லும் காரணம், சுழலும் சக்கரம் பம்பரம்போலத் தாங்குகிறது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு டிகிரி சாய்ந்தாலே சுமார் 12 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை அவரைக் கவிழ்க்கும். ரிம்மும் டயரும் இரண்டு கிலோ என்று கொண்டால், நொடிக்கு ஒரு சுற்றில் அவற்றின் கோண உந்தம் (சுழற்சியின் உந்தம்) ஏறக்குறைய 0.8 கிலோகிராம் சதுர மீட்டர்/நொடி. அதைக்கொண்டு ஈடுகட்ட, சக்கரம் நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் செங்குத்து அச்சில் திரும்ப வேண்டியிருக்கும்! உண்மையில் நடப்பது வேறு: எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பி, அதை உடலுக்கு அடியில் கொண்டுவருகிறீர்கள். ஹேண்டில்பார் இல்லாததால் இடுப்பு ஒருபுறம் திரும்ப, கைகள் மறுபுறம் வீசுகின்றன. கற்பவர்கள் காற்றில் கையைத் துழாவுவது இதற்காகத்தான்.

வண்டியைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை. கிராங்குகளில் ‘எல்’, ‘ஆர்’ என்று பொறித்திருக்கும். சக்கரத்தை மாற்றி மாட்டினால் ஓட்ட ஓட்டப் பெடல் கழன்று மரையையே அரித்துவிடும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் ஏறத்தாழ நீண்டிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். டயரில் நன்றாகக் காற்று வேண்டும், ஷூ லேஸ் கிராங்கில் சிக்காமல் செருகியிருக்க வேண்டும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம். புல்தரை மெத்தென்று இருந்தாலும் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். வழவழப்பான கெட்டித் தரையே நல்லது.

சுவரையோ கைப்பிடிக் கம்பியையோ பிடித்துக்கொண்டு, பெடல்கள் கிடைமட்டமாக இருக்க, அரைச் சுற்று மிதித்து நிறுத்துங்கள். பிறகு முழுச் சுற்று. பெடல்கள் மேலும் கீழுமாக நிற்கும் இடம் பொல்லாதது: காலின் விசை அச்சு வழியே போய்விடுவதால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் திரும்பாது. அங்கே தயங்கினால் இறங்க வேண்டியதுதான். எடையைப் பெடலில் போடாமல் சீட்டில் இறக்குங்கள். இல்லாவிட்டால் மேலேறும் பெடலை உங்கள் காலே கீழே அழுத்தி, சக்கரம் வெட்டி வெட்டி நகரும்.

முன்னால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். முன்னால் சாய்ந்தால் இரண்டடி ஓடி நின்றுகொள்ளலாம். வண்டி பின்னால் விழும். பின்னால் சாய்ந்தால் வண்டி முன்னால் பாயும், நீங்கள் உட்கார்ந்தபடியே தரையில் இறங்குவீர்கள்.