கார்வெட்: கூடையிலிருந்து வந்த கப்பல் பெயர்

கனடாக் கடற்படையின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலிலேயே வழிமறிக்கும் சொல் ‘கார்வெட்’. பெரும்பாலும் ‘போர்க்கப்பல்’ என்று பொதுவாக எழுதிக் கடந்துவிடுகிறோம். அப்படி எழுதினால் அந்தக் கப்பலின் தனிக்கதையே காணாமல் போய்விடுகிறது.

கார்வெட் என்பது ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலைவிடச் சிறிய போர்க்கப்பல். சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் போனால், கூடையையும் சிறு கலத்தையும் குறித்த ‘கோர்ஃப்’ என்ற பழைய டச்சுச் சொல்லும், கூடை என்று பொருள்படும் ‘கோர்பிஸ்’ என்ற லத்தீன் சொல்லும் வேராக இருக்கலாம் என்பது அகராதிகள் சொல்லும் வழி. கூடைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு? ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூங்கிலால் முடைந்த பெரிய கூடைதானே பரிசல்!

பாய்மரக் காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை தன் சிறிய போர்க்கப்பல்களை இப்பெயரால் அழைத்தது. பிறகு வழக்கொழிந்து கிடந்த சொல்லை இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டன் தூசி தட்டி எடுத்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காவலுக்குக் கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தை மாற்றியமைத்து ஒரு வகை உருவானது. எளிய அமைப்பு என்பதால் போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத கனடாவின் கப்பல் கூடங்களிலும் அதைக் கட்ட முடிந்தது. டெஸ்ட்ராயர் எனப்படும் வேகமான போர்க்கப்பல்கள் ஆறே ஆறோடு போருக்குள் வந்த நாடு, போர் முடிவதற்குள் 120க்கும் மேற்பட்ட கார்வெட்டுகளை ஓட்டியது. அவற்றில் 10 கடலுக்குப் பலியாயின.

நீளம் சுமார் 62 மீட்டர். வேகம் 16 நாட், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீருக்கு மேலே வந்து ஓடும் நீர்மூழ்கியைத் துரத்திப் பிடிக்கக்கூட அது போதாது. அலையில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, ஈரப்புல்லில் விட்டாலும் உருளும் என்று மாலுமிகள் சொல்வார்களாம். அந்த ஆட்டத்தோடுதான் பனிக்காலத்து வட அட்லாண்டிக்கைத் திரும்பத் திரும்பக் கடந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இந்த வகைக்கு பிரிட்டன் பூக்களின் பெயர்களைச் சூட்டியது. கனடாவோ பெரும்பாலும் தன் ஊர்ப் பெயர்களை வைத்தது. கடலே எட்டாத சஸ்காச்சுவான் சமவெளியில் இருக்கும் மூஸ் ஜா என்ற ஊரின் பெயரிலும் ஒரு கப்பல் இருந்தது. 1941 செப்டம்பர் 10 அன்று கிரீன்லாந்துக்கு அருகே அதுவும் ‘சாம்ப்ளி’ என்ற இன்னொரு கார்வெட்டும் சேர்ந்து யூ-501 என்ற நீர்மூழ்கியை வீழ்த்தின. அப்போது நீர்மூழ்கியின் தலைவர் தன் ஆட்களை விட்டுவிட்டு மூஸ் ஜாவின் மேல்தளத்துக்கே தாவிவிட்டார். சாம்ப்ளியிலிருந்து நீர்மூழ்கிக்குள் போன குழுவில் ஒருவர் அதோடு மூழ்கி உயிரிழந்தார். 1942 ஆகஸ்டில் கரீபியன் கடலில் ‘ஓக்வில்’ என்ற கார்வெட் யூ-94 என்ற நீர்மூழ்கியை மோதியபோது இரண்டும் மிகவும் நெருங்கிவிட்டன. பீரங்கியைத் தாழ்த்திச் சுட முடியாத அந்த நெருக்கத்தில், மாலுமிகள் காலி கோக் பாட்டில்களை எடுத்து எதிரிகள் மேல் வீசினார்கள்.

செவர்லே 1953இல் விட்ட கார்வெட் கார் இந்தக் கப்பல் பெயரிலிருந்துதான் வந்தது. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘காவல் கப்பல்’ என்றால் கரையோர ரோந்துப் படகும் அதில் அடங்கிவிடும். கார்வெட்டின் வேலை ஓரிடத்தைக் காப்பதல்ல, கூடவே போவது. அதற்கு நம்மிடம் ‘வழித்துணை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகப் பயணம் செய்த வணிகரைப் பழந்தமிழ் ‘சாத்து’ என்றது. காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களின் அணியான கான்வாய் என்பதும் கடலில் போகும் சாத்துதான். ஆகவே அதைக் ‘கப்பற்சாத்து’ என்றும், அதன் கூடப் போன கார்வெட்டை ‘வழித்துணைக் கலம்’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. நாவாய், வங்கம் என்பவை பெருங்கலங்களை நினைவூட்டுவதால் இங்கே பொருந்தா.

இன்றைய கார்வெட்டுகளுக்கு இதே சொல்லை அப்படியே போட முடியாது. ஏவுகணை தாங்கிய கப்பல்களும் அப்பெயரில் ஓடுகின்றன, எல்லாமே வழித்துணைக்குப் போவதில்லை. அவற்றைச் ‘சிறு போர்க்கப்பல்’ என்றாலே போதும். ஆனால் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நினைவுச் சின்னமாக நிற்கும் ‘சாக்வில்’, அந்தப் பழைய வகையில் உலகிலேயே எஞ்சியிருக்கும் ஒரே கப்பல். அதைப் பற்றி எழுதும்போது வழித்துணைக் கலம் என்றே எழுதுவோம்.