குறைநீக்கல் வகுப்பும் சிறப்புக் கல்வியும் ஒன்றல்ல

பள்ளியிலிருந்து மலாயில் ஒரு கடிதம் வருகிறது. அதில் 'பெமுலிஹான் காஸ்' என்ற சொற்களைக் கண்டதும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகளில் சோறு இறங்காது. "என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் 'சிறப்பு' என்று பொருள்படும் 'காஸ்' என்ற சொல். 'பெண்டிடிக்கான் காஸ்' என்பது சிறப்புக் கல்வி. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கானது, அதற்கு மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். 'பெமுலிஹான் காஸ்' என்பது குறைநீக்கல் வகுப்பு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, முக்கியமாக முதல் மூன்று ஆண்டுகளில், அதே பள்ளியில் நடப்பது. இதில் மருத்துவருக்கு வேலை இல்லை; மாற்றுத்திறனாளி அட்டையும் வேண்டாம்.

பின்தங்கிய பிள்ளைக்குச் சோதனை வைத்து, பெற்றோர் சம்மதித்தபின் சேர்ப்பார்கள். மொழி அல்லது கணித வேளையில் மட்டும் பிள்ளை தனி அறைக்குப் போவான். மற்ற பாடங்களுக்குத் தன் வகுப்பில்தான் இருப்பான். தேறிவிட்டால் முழுதாகத் திரும்பிவிடுவான்.

பின்தங்குவது மந்தபுத்தியால்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மலாயில் 'காலை' (pagi) என்ற சொல்லையும் 'கொடு' (bagi) என்ற சொல்லையும் பிரித்தறிவதே சிரமம். தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'பாகி'தான்! நமக்கு ஒரே ஒரு 'ப'. மலாய் எழுதும் ரோமன் எழுத்தான ரூமியில் அதற்கு p, b என்று இரண்டு எழுத்து. நான் பார்த்த ஓர் ஆசிரியை பிள்ளையின் உள்ளங்கையை அவன் வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொன்னார். உதடு வெடித்துக் கையில் காற்றுப் பட்டால் ஒன்று, தொண்டை அதிர்ந்தால் மற்றொன்று. பாலர் பள்ளிக்கே போகாத பையனுக்கு அவர் கூட்டல் சொல்லிக்கொடுத்தது ஒரு மில்லோ டின் நிறைய ரப்பர் விதைகளை வைத்து. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் ஏது நேரம்?

ஆறாம் ஆண்டில் நடந்துவந்த பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ரத்தானபின் அதன் மதிப்பெண் வந்து விழிக்க வைக்கும் என்று காத்திருக்க முடியாது. வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கையில் அடைவுநிலை 1 முதல் 6 வரை இருக்கும். 1 அல்லது 2 என்று இருந்தால் கடிதம் வரட்டும் என்று இராமல் வகுப்பாசிரியரை நீங்களே போய்ப் பாருங்கள்.

கடிதம் வந்துவிட்டதா? எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை வேளை, அடுத்த சோதனை எப்போது என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.