கார்பன் வரி

'கார்பன்' என்ற சொல்லைத் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடைப்பது கரிதான். இலத்தீனில் 'கார்போ' என்றால் கரி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் அவருடன் இருந்தவர்களும் அதிலிருந்து தனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழும் அதே தடத்தில் கரியிலிருந்து 'கரிமம்' என்று ஆக்கிக்கொண்டது. ('இந்திரனே சாலுங் கரி' என்று குறளில் வரும் கரி வேறு. அங்கே அதற்குச் சாட்சி என்று பொருள்.)

ஆனால் கார்பன் வரி, கரிக்குப் போடும் வரி அல்ல. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரியும்போது வெளியேறும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் அரசு விதிக்கும் வரி. பின்லாந்து 1990இல் முதலில் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு சுவீடன். 12 கிராம் கரிமம் முழுதாக எரிந்தால் 44 கிராம் வாயு உண்டாகும். ஆகவே 'ஒரு டன் கார்பன்' என்று படித்தால், எதன் டன் என்று கேட்டுவிடுங்கள். கணக்கு மூன்றரை மடங்குக்கு மேல் மாறிவிடும்.

இந்தப் பெயரே ஓர் ஆட்சியைப் படுத்திய கதையும் உண்டு. 2010 தேர்தலின்போது ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட், தன் ஆட்சியில் கார்பன் வரி வராது என்றார். 2012 ஜூலையில் அவரது அரசு டன்னுக்கு 23 டாலர் விதித்தது. சில ஆண்டுகள் நிலையான விலை, பிறகு சந்தை விலை என்பது ஏற்பாடு. அதனால் அரசு அதைக் 'கார்பன் விலை' என்றது. எதிர்க்கட்சியோ 'வரி' என்றே சொல்லிச் சொல்லி மக்கள் மனத்தில் பதித்தது. 2013இல் அந்த எதிர்க்கட்சியின் தலைவர் டோனி அபட் ஆட்சிக்கு வந்தார், 2014 ஜூலையில் திட்டமே நீக்கப்பட்டது. காற்றைக் கெடுப்பவர் அதற்கு விலை கொடுக்கட்டும் என்ற நியாயமான எண்ணம், ஒரு சொல்லின் சண்டையில் சிக்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'கரி வரி' என்றால் நிலக்கரிக்கு மட்டும் என்று தோன்றும். 'கரிம வரி' சுருக்கமானது. ஆனால் கரிம வேதியியல், கரிம உரம் என்று அந்த அடை வேறு பொருளிலும் புழங்குகிறது. 'கரியமில வாயு வரி' துல்லியம்தான், நாவுக்கு நீளம். நான் எழுதுவது 'கரிம உமிழ்வு வரி'. உமிழ்தல் என்றால் துப்புதல். எதற்காக இந்த வரி என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.