பல அங்கத்தவர் தொகுதி: மத்திய கொழும்பை முன்வைத்து

ஒரே வாக்காளர் கூட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து அனுப்பும் தேர்தல் தொகுதிக்கு இலங்கைத் தமிழில் வழங்கிய பெயர் ‘பல அங்கத்தவர் தொகுதி’. இருவரை அனுப்பினால் இரட்டை அங்கத்தவர் தொகுதி, மூவரை அனுப்பினால் மூன்று அங்கத்தவர் தொகுதி. இன்று பேச்சு வழக்கில் ஏறக்குறைய மறைந்துவிட்ட சொற்கள். ஆனால் பாராளுமன்ற உரைகளின் பதிவான பழைய ஹன்சார்டையோ 1950கள், 60களின் பத்திரிகைகளையோ புரட்டுகிறவர் ‘மத்திய கொழும்பு மூன்றாவது எம்.பி.’, ‘மட்டக்களப்பு முதலாவது எம்.பி.’ என்றெல்லாம் படித்துவிட்டு, அதென்ன மூன்றாவது, அதற்குமுன் இருந்த இருவர் இறந்துவிட்டார்களா என்று மலைக்கக்கூடும். மூவரும் ஒரே காலத்தில் இருந்தவர்கள்தான். வாங்கிய வாக்குகளின் வரிசைப்படி முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

முதலில் ‘தொகுதி’. தொகு என்ற வினையடியில் பிறந்தது. தொகை, தொகுப்பு எல்லாம் உடன்பிறப்புகள். கூட்டம், திரட்சி என்பதே பழம்பொருள். நிகண்டுகள் தம் பிரிவுகளுக்கே இந்தப் பெயரை இட்டன: தெய்வப்பெயர்த் தொகுதி, மக்கட்பெயர்த் தொகுதி என்று. பல பாகங்களாக வரும் நூலின் ஒரு பாகமும் தொகுதி. பின்னத்தில் மேலே நிற்கும் எண்ணும் தொகுதி. இலங்கைப் பாடநூல்களில் இன்னும் ஒரு படி மேலே போய் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்பார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது மண்டலம். இத்தனை வேலை பார்க்கும் சொல்லுக்குத் தேர்தல் பொருள் வந்து சேர்ந்தது வாக்குரிமைக் காலத்தில். ‘constituency’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘நிறுவுதல், நியமித்தல்’ என்ற பொருளுடையது. பிரதிநிதியை நியமிக்கும் மக்கள் என்பது அதன் உள்ளர்த்தம். தமிழ் அந்த நியமிப்பை விட்டுவிட்டு, திரண்டிருக்கும் மக்களைப் பிடித்துக்கொண்டது. சிங்களப் பேச்சு வழக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது: ‘ஆசனய’.

‘அங்கத்தவர்’ என்பது அங்கம் என்ற வடசொல்லோடு அத்துச் சாரியையும் அவரும் சேர்ந்தது. அங்கம் உடலின் பகுதி. உறுப்பினரில் உள்ள உறுப்பும் அதுவே. நம் ஊர்களில் மெம்பர் என்று சொல்கிறோமே, அதன் லத்தீன் மூலத்துக்கும் அதே பொருள். அரசின் பகுதிகளை அங்கம் என்று சொல்வதும் தமிழுக்குப் புதிதன்று; குறளின் பொருட்பாலில் அங்கவியல் இருக்கிறது. ஆகவே அங்கத்தவரை உறுப்பினர் ஆக்குவதால் பொருள் மாறாது, மொழி மட்டுமே மாறும்.

இனி நடைமுறைக்கு வருவோம். இலங்கையில் இத்தகைய தொகுதிகளுள் பேர்பெற்றது மத்திய கொழும்பு. சிங்களத்தில் ‘மெத கொழம்ப’. மருதானை, மாளிகாவத்தை, வாழைத்தோட்டம், கிராண்ட்பாஸ் என்று நெருக்கமான குடியிருப்புகளும் சந்தைகளும் தோட்ட வீடுகளும் அடங்கிய பகுதி. கொழும்பில் ‘தோட்டம்’ என்றால் தேயிலையை நினைக்க வேண்டாம்; ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டிக் கிடக்கும் ஏழைகளின் வரிசை வீடுகள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், மலாயர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் எல்லோரும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் ஓர் இனத்தாரைத் தனியே பிரித்தெடுத்து ‘இது உங்கள் தொகுதி’ என்று கொடுக்க முடியாத இடம்.

சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பு இதற்குத்தான் வழி வைத்தது. 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கட்டளை, தொகுதி பிரிக்கும் ஆணைக்குழுவுக்கு ஓர் அதிகாரம் தந்தது: இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ ஒத்த நலன் கொண்ட ஒரு சாரார், அப்பகுதியின் பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்டுக் கணிசமாகத் திரண்டிருந்தால், அவர்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கும்படி பல அங்கத்தவர் தொகுதியை உருவாக்கலாம். இனவாரி ஒதுக்கீடு என்று வெளிப்படையாக எழுதவில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் ஒழித்துக்கட்டிய இனவாரித் தொகுதிகளைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் துணிவில்லை. அதன் வேலையைச் சத்தமில்லாமல் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு.

1947இல் தெரிவான 95 உறுப்பினர்களும் 89 தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். நான்கு தொகுதிகளுக்கு இரண்டிரண்டு பேர். மத்திய கொழும்புக்கு மட்டும் மூவர். அந்த முதல் தேர்தலில் அங்கிருந்து சென்ற மூவரைப் பார்த்தால், கருவி செய்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பேர்பெற்ற தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, தொழிற்கட்சி, பாராளுமன்றத்துக்கு முன்பிருந்த அரசாங்க சபைக் காலத்திலிருந்தே அந்தப் பகுதி அவர் கோட்டை. மருதானை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்த டி. பி. ஜாயா, ஐக்கிய தேசியக் கட்சி. உயர்நீதிமன்ற நீதிபதியின் மகனும் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தின் தலைவராக இருந்தவருமான பீட்டர் கெனமன், கம்யூனிஸ்ட். ஒருவர் சிங்களவர், ஒருவர் மலாயர், ஒருவர் பறங்கியர். ஒரே வாக்குச்சீட்டு, மூன்று கட்சி, மூன்று சமூகம். கெனமன் அங்கே 1977 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இதன் சூட்சுமம் வாக்களிக்கும் முறையில் இருந்தது. மூன்று அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. மூன்றையும் மூவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுமாகக் கொடுக்கலாம், மூன்றையும் ஒருவர் தலையிலேயே கொட்டலாம். இந்தக் கடைசி வழிதான் சிறுபான்மையின் ஆயுதம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வாக்காளரில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் ஒற்றுமையாக நின்று மூன்று வாக்கையும் தங்கள் ஆளுக்கே போட்டால், மற்றவர்கள் என்ன தந்திரம் செய்தாலும் அந்த ஆளைத் தோற்கடிக்க முடியாது. இரட்டை அங்கத்தவர் தொகுதியில் அதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வேண்டும். பழைய முடிவுப் பட்டியல்களில் வாக்குத் தொகை வாக்காளர் தொகையைத் தாண்டி நிற்பதைக் கண்டு கள்ள வாக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஆளுக்கு மூன்று வாக்கு.

இதன் பலவீனம் இடைத்தேர்தல். மூவரில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ நிரப்ப வேண்டியது ஓர் இடம்தான். அப்போது கருவி மழுங்கிவிடும். பெரும்பான்மை யார் பக்கமோ அவருக்கே இடம்.

இந்தியாவின் இரட்டை உறுப்பினர் தொகுதியை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் அங்கும் ஒரே தொகுதியிலிருந்து இருவர் போனார்கள். ஆனால் ஓரிடம் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கு என்று சட்டத்தாலேயே ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு, இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள், தோற்ற வி. வி. கிரி, பொது இடம் பொதுப் பிரிவினருக்கே உரியது என்று வழக்காடி உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். 1961இல் சட்டம் இயற்றி அந்தத் தொகுதிகளை ஒழித்தார்கள். கிரி பின்னாளில் குடியரசுத் தலைவரானார், அது வேறு கதை.

இலங்கையில் 1959 பிரிப்பில் 145 தொகுதி, 151 இடம். மத்திய கொழும்பு மூன்றோடு தொடர்ந்தது. மட்டக்களப்பு, மூதூர், அக்குறணை, தென் கொழும்பு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிமும் ஆளுக்கோர் இடம் பெறுவது வழக்கமாயிற்று. வாழைத்தோட்டத்துப் பிள்ளையும் குணசிங்கவிடம் அரசியல் பயின்றவருமான, பின்னாளில் ஜனாதிபதியான ஆர். பிரேமதாச மத்திய கொழும்பில் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்தது 1960 மார்ச்சில், மூன்றாவது எம்.பி.யாக. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் தோற்றார், 1965இல் திரும்பி வந்தார்.

1976 பிரிப்பில் மலையகத்தில் நுவரெலியா–மஸ்கெலியா என்ற இன்னொரு மூன்று அங்கத்தவர் தொகுதி முளைத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடத்தை வாரிக்கொண்டபோது, நூற்றுக்கு முப்பதுக்கு நெருங்கிய வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது எட்டே இடம். அந்த எட்டில் மத்திய கொழும்பின் ஹலீம் இஷாக்கும் நுவரெலியா–மஸ்கெலியாவின் அநுர பண்டாரநாயக்கவும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். சிறுபான்மைச் சமூகங்களுக்கென்று வெட்டிய வாய்க்கால் பெருங்கட்சியொன்றுக்கும் நீர் விட்டது. நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாமவர் மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1947இல் தெரிவாகி, பின்னர் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோன காலத்தில் நியமன உறுப்பினராக மட்டுமே வர முடிந்தவர், முப்பது ஆண்டு கழித்து மக்கள் வாக்கால் வந்தார். மூன்று இடம் இல்லாத தொகுதியாயிருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

1978 அரசியலமைப்பு, வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் பங்கிடும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டதால், மத்திய கொழும்பின் கணக்கு 1989 பெப்ரவரி வரை முடியவில்லை. அன்றிலிருந்து, தேசியப் பட்டியல் இடங்கள் நீங்கலாக, மற்ற இடங்கள் 22 தேர்தல் மாவட்டங்களுக்கு உரியவை. ஒவ்வொரு தேர்தல் மாவட்டமும் இலக்கணப்படி பல அங்கத்தவர் தொகுதிதான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குழப்பம் எழுவது இங்கேதான். மத்திய கொழும்பு இன்றும் கொழும்பு மாவட்டத்தின் 15 தேர்தல் தொகுதிகளில் ஒன்று. முடிவுகள் தொகுதிவாரியாக வாசிக்கப்படுகின்றன, கட்சிகள் தொகுதி அமைப்பாளர்களை நியமிக்கின்றன. ஆனால் அந்தத் தொகுதிக்கென்று எம்.பி. கிடையாது, அது வாக்கு எண்ணும் அலகு மட்டுமே. ஆகவே எழுதும்போது 1989க்கு முன், பின் என்று பிரித்துச் சொல்வது நல்லது. இலங்கை வரலாற்றை எழுதுகிறவர் ‘பல அங்கத்தவர் தொகுதி’ என்றே எழுதட்டும், அக்காலப் பத்திரிகைகளோடு ஒத்துப்போகும். பொதுவான அரசறிவியல் எழுத்துக்கு ‘பல்லுறுப்பினர் தொகுதி’ பொருத்தம். புணர்ச்சியும் சரி, வடசொல்லும் இல்லை. ‘1977இல் 168 தொகுதிகள்’ என்று இணையமெங்கும் காணக்கிடப்பது மட்டும் பிழை: தொகுதிகள் 160, ஆசனங்கள் 168.