‘எங்கே நிறுத்தினாலும் ஆடுவான்’ என்று சொல்லாதீர்கள்

மாநிலக் கால்பந்து அணித் தேர்வு முகாமுக்குப் போய்த் திரும்பிய 17 வயது மாணவன் ஒருவன், சென்ற மாதம் கும்பகோணத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும், அரசலாற்றங்கரையில் இருக்கும் தன் ஊருக்குப் போகாமல் தோள்பையோடு நேராக எங்கள் மைதானத்துக்கு வந்து நின்றான். முகாமில் கொடுத்த படிவத்தில் ‘ஆடும் இடம்’ என்ற கட்டத்தில் ‘எல்லா இடமும்’ என்று எழுதியிருக்கிறான். முதல் 20 நிமிடம் அவனை இடது விங்கில், அதாவது முன்களத்தின் இடது ஓரத்தில், நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக, ஆடிய பையனுக்குக் கால் பிசகியதும் 15 நிமிடம் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு கூப்பிடவில்லை. “ரெண்டு இடத்துலயும் நல்லாத்தானே சார் ஆடினேன்?” என்று கேட்டான். நன்றாகத்தான் ஆடியிருப்பான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் இதே கேள்வியோடு என் முன்னால் வந்து நின்ற நான்காவது பிள்ளை அவன் என்பதால், இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று இதை எழுதுகிறேன்.

அந்த நால்வரில் ஒருத்தி நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமத்துப் பெண். இரண்டு கால்களாலும் ஒரே அளவு பலமாக உதைக்கக்கூடியவள் என்ற ஒரே காரணத்துக்காக, பள்ளிக்காலம் முழுவதும் அவளை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். மற்ற மூவரின் கதையும் இதேதான். அணியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் தேர்வு எழுதப் போனாலும், காலியான இடத்துக்கு இவர்களை அனுப்பினோம். ‘நாங்கள் அனுப்பினோம்’ என்றே சொல்கிறேன், ஏனென்றால் என் பயிற்சியாளர் வாழ்க்கையின் தொடக்க ஆண்டுகளில் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

இதில் என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் ஆடக்கூடியவனுக்கு ஓர் இடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அது. பெற்றோர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சில பயிற்சியாளர்கள் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். ஆடும் இடம் என்பது சுண்ணாம்புக் கோட்டுக்குள் அடங்கிய ஒரு நிலப்பகுதி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ரைட் பேக்காக, அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரராக, ஆடுபவருக்கு ஒரு பக்கம் எப்போதும் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து எதிராளி வர முடியாது, ஆகவே பந்து வரும்போது களத்தின் பெரும்பகுதியை அவர் தன் முகத்துக்கு நேராகப் பார்க்கிறார். நடுக்களத்தில் நிற்பவருக்கு நான்கு பக்கமும் ஆள் இருக்கிறது. பந்து காலுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்த்தால் காலம் கடந்துவிடும், வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கும் மேலாகப் பின்னால் பார்த்திருக்க வேண்டும். கோல் அடிப்பதற்காக முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர் பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டியபடி, பின்னால் ஒருவர் முட்டிக்கொண்டிருக்கும் நிலையில் பந்தை வாங்குகிறார். ஸ்டாப்பரோ பந்தையும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஆளையும், பக்கத்தில் நிற்கும் தன் கூட்டாளி எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பதையும் ஒரே நேரத்தில் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இவை நான்கும் நான்கு வெவ்வேறு பார்வைகள். அவற்றுக்கு ஏற்ற பழக்கங்கள் உடம்பில் ஏற வேண்டுமானால், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான முறை தவறு செய்து திருந்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வாரத்துக்கு ஓர் இடம் என்று அலைக்கழிக்கப்பட்ட பிள்ளை, எங்கே நின்றாலும் ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாகவே படிக்கிறான். மாவட்ட அளவில் அந்தத் தாமதத்தை அவனுடைய வேகமும் காலில் இருக்கும் வித்தையும் மறைத்துவிடும். மாநில முகாமில் எதிரே நிற்பவனுக்கும் அதே வேகமும் அதே வித்தையும் இருக்கும். அங்கே அந்தத் தாமதம் மட்டும்தான் வெளியே தெரியும். மாவட்டத்தில் எல்லா இடத்துக்கும் பொருத்தமாகத் தெரிந்தவன் மாநிலத்தில் எந்த இடத்துக்கும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். தேர்வாளர்களுக்கு ஓரவஞ்சனை என்று பேசுவதற்கு முன், இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொன்னால் மூத்தவர்கள் உடனே ஜர்னைல் சிங்கை மேற்கோள் காட்டுவார்கள். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஆசியாவின் மிகச் சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவரான அவர், தலையில் தையல் போட்ட காயத்தோடு அரையிறுதியிலும் இறுதி ஆட்டத்திலும் முன்களத்தில் ஆடினார், இரண்டிலும் கோல் அடித்தார், தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. எல்லாம் உண்மை. ஆனால் அவரை ஸ்டாப்பராக உருவாக்கி, ஸ்டாப்பராகவே நிலைநிறுத்திய பிறகு, பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு நெருக்கடியில் எடுத்த முடிவு அது. சொந்த இடம் என்று ஒன்று அவருக்கு இருந்ததால்தான் இன்னோர் இடத்துக்கு இரவல் போக முடிந்தது; இன்றும் அவரை ஸ்டாப்பர் என்றுதான் நினைவுகூர்கிறோம். அந்தக் கதையைச் சொல்லி 16 வயதுப் பையனை ஒரே தொடரில் கோல்கீப்பராகவும் விங்கராகவும் நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தப் பொருளில் என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஜெர்மனியின் பிலிப் லாமை. வலதுகால் ஆட்டக்காரரான அவர் 2006 உலகக் கோப்பையில் லெஃப்ட் பேக்காக ஆடி, தொடக்க ஆட்டத்திலேயே கோஸ்டாரிக்காவுக்கு எதிராக முதல் கோலை அடித்தார். 2010-இல் அணித்தலைவராக ரைட் பேக் இடத்தில் ஆடினார். 2013-இல் பயர்ன் மியூனிக் கழகத்தில் பெப் கார்டியோலா அவரை நடுக்களத்துக்கு மாற்றினார், அங்கேயும் சிறந்தார். ஆகவே 2014 உலகக் கோப்பையில் தேசிய அணிப் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அவரை நடுக்களத்தில் நிறுத்தியபோது அது வியப்பான முடிவாக இல்லை. காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் கெதீராவாலும் ஷ்வைன்ஷ்டைகராலும் எல்லா ஆட்டங்களையும் முழுமையாகத் தாங்க முடியுமா என்ற கவலையும் அப்போது இருந்தது. அல்ஜீரியாவுடனான ஆட்டத்தில் ரைட் பேக்காக ஆடிய முஸ்தாஃபி காயமடைந்ததும் லாம் அந்த இடத்துக்கு நகர்ந்தார். கால் இறுதியில் பிரான்சுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே அங்கே நின்றார். அதன் பிறகு கோப்பையை வெல்லும் வரை அவரை அங்கிருந்து நகர்த்தவில்லை. பிரேசிலை 7-1 என்று வென்ற அரையிறுதியில் மூன்றாவது கோல் அவர் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? லாம் நடுக்களத்தில் மோசமாக ஆடவில்லை. அவர் அங்கே இருந்தபோது ரைட் பேக் இடத்தில் நின்றவர்கள் இயல்பில் ஸ்டாப்பர்கள். லாம் ரைட் பேக் இடத்துக்குப் போனதும் அந்தப் பக்கம் முழுவதும் உயிர் பெற்றது, கெதீராவும் ஷ்வைன்ஷ்டைகரும் உடல் தேறி வந்ததால் நடுக்களமும் குறைபடவில்லை. தேசிய அணியில் ஒருவருடைய சிறந்த இடத்தை அவரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அவர் விட்டுச்செல்லும் இடத்தில் யார் நிற்கப்போகிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜோஷ்வா கிம்மிக் கழகத்தில் பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடியும் ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ போட்டியில் ஜெர்மனிக்கு ரைட் பேக்காக நின்றதும், டேவிட் அலாபா பயர்னில் லெஃப்ட் பேக்காகவும் பின்னர் ஸ்டாப்பராகவும் ஆடியபடியே ஆஸ்திரியாவுக்குப் பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடியதும் இதே கணக்கில்தான்.

தேசிய அணிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு, அது நேரம். கழகப் பயிற்சியாளரிடம் வீரர் ஆண்டு முழுவதும் இருக்கிறார். தேசியப் பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்துக்கு முன் சில நாள்கள்தான் கிடைக்கின்றன. கழகத்தில் ரைட் பேக்காக வளர்ந்த இங்கிலாந்தின் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டை 2024 யூரோவில் நடுக்களத்தில் தொடங்கவைத்தார்கள். இரண்டு ஆட்டங்களோடு அந்த முயற்சி முடிந்துபோனது. அவருடைய பாஸ் தரும் திறனைப் பற்றி யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. புதிய இடத்தைக் கற்பிக்கப் போட்டித் தொடர் ஏற்ற களம் அல்ல. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், நம் பிள்ளையை மண்டலப் போட்டி நடக்கும் காலையில் புதிய இடத்துக்கு மாற்றுவதை என்னவென்று சொல்வது?

இனி நம் ஊருக்கு வருகிறேன். மேட்டூரில் அணை திறந்து தண்ணீர் வருவதற்கு முன், சித்திரை வைகாசியில் நம் பிள்ளைகள் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கொள்ளிடத்திலும் ஆற்றுமணலில்தான் பந்து ஆடுகிறார்கள். மணலில் பந்து உருளாது. ஆகவே தனியாளாக வெட்டிக்கொண்டு போவதும், பந்தை நிலத்தில் விடாமல் காலிலும் தொடையிலும் ஏந்துவதும் வளரும். தரையோடு பாஸ் கொடுப்பது வளராது. அதைப் பார்த்துவிட்டு ‘இவன் பிறவி ஃபார்வர்டு’ என்று முடிவு கட்டுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது உடல் கனத்தவன் எல்லா இடத்திலும் சிறந்தவனாகத் தெரிவான். கிராமத்து எழுவர் போட்டிகளில் நடுக்களம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. இவை மூன்றும் நல்ல ஆட்டங்கள்தான், நானும் அவற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், 11 பேர் அணியில், ஒருவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பந்து அவனிடம் இல்லாதபோது அவனை மட்டும் பார்க்கிறேன். பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்புகிறானா, அணி பந்தை இழந்ததும் முதல் அடியை எந்தத் திசையில் வைக்கிறான், களைத்துப்போன கடைசிக் கால் மணி நேரத்தில் அவன் கால்கள் தானாக எந்தப் பகுதிக்குப் போகின்றன என்று குறித்துக்கொள்கிறேன். கோல் எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. பிறகு அவனோடு நிற்கப்போகிறவர்களைப் பார்க்கிறேன்.

அவசரமும் கூடாது. 14 வயது வரை எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். அந்த வயதில் இடத்தை மாற்றுவது கல்வி. பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் உயரம் மளமளவென்று கூடும். அப்போது கால்கள் சொன்னபடி கேட்காது, அந்தச் சில மாதங்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முழங்காற்சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று சொல்லும் பிள்ளையை, ஓட்டம் அதிகமுள்ள விங்குக்கு மாற்றி வதைக்க வேண்டாம். ஓட்டத்தைக் குறைத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உயரமாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் கோல்கீப்பர் ஆக்காதீர்கள். 15, 16 வயதில் ஒரு சொந்த இடம், ஓர் இரண்டாவது இடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பருவம் முழுவதும் அங்கே நிறுத்துங்கள். இரண்டு தோல்விக்குப் பிறகு கையைப் பிசையாதீர்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் எத்தனை நிமிடம் ஆடினான் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதுகூட முடியாது என்றால், தயவுசெய்து பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெற்றோரிடம் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை, வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு “மேல போடா, கோல் அடிடா” என்று கத்தாதீர்கள். அவன் உங்கள் குரலைக் கேட்டு நகர்கிறான். அவனை நம்பி நிற்கும் மற்ற பத்துப் பேரும் அந்த நொடியில் தனியாகிவிடுகிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, முகாமில் படிவம் கொடுத்தால் ஓர் இடத்தை எழுதுங்கள். கேட்டால் மட்டும் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை மாணவனை இப்போது தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால், நடுக்களத்தில் நிறுத்தியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பந்து வருவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இருக்கிறது. நான் பார்த்த பிள்ளைகளில் அது மிகச் சிலருக்கே இருந்தது. இரண்டாவது இடம் ரைட் பேக். மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறான். முதல் ஆட்டத்தில் பந்தை அடிக்கடி பறிகொடுத்தான், மூன்றாவதில் அது குறைந்தது. நேற்று அவன் அப்பா தொலைபேசியில், “எப்ப சார் ஃபார்வர்டுல போடுவீங்க?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வாருங்கள், முதல் பாதி முழுவதும் பந்தைப் பார்க்க வேண்டாம், உங்கள் மகனின் கழுத்தை மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.